மலையக ஆஸ்பத்திரிகளில் தகவல் யார் பொறுப்பு?

பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, அடித்த பாம்பையும் ஒரு சிலிசிலி பையில் போட்டு எடுத்துப்போவது தோட்டங்களில் வழக்கம். டொக்டர் பார்த்தால் மருந்து போடச் சுலபமாக இருக்கும் என்ற எண்ணம். எண்ணம் சரிதான். ஆனால் பையைத் திறந்து பார்க்கிற டொக்டருக்கும் அது என்ன பாம்பு என்று தெரிந்திருக்க வேண்டுமே.

தேயிலை, றப்பர் தோட்டங்களில் சருகுக்கடியில் சுருண்டு கிடந்து கடிப்பதில் கூன்மூக்கு விரியனுக்குப் பெரிய பங்கு உண்டு. சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். சின்னப் பாம்பு. இதைக் கண்ணாடி விரியன் குட்டி என்றோ சுருட்டை விரியன் என்றோ எண்ணி ஏமாறுவது ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே நடப்பதுதான். இலங்கை ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் தயாராவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்காகச் செய்யப்படுவது. கூன்மூக்கு விரியன் அந்த நான்கில் இல்லை. மருந்து வேலை செய்யாது என்பதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. அதை ஏற்றினால் சிலருக்கு உயிராபத்தான ஒவ்வாமை வந்துவிடும். அதற்காக, 'இது சும்மா பாம்பு' என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடவும் முடியாது. சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும், அரிதாக உயிரும் போகும்.

இரவு பதினொரு மணிக்கு ஒரு பிரதேச வைத்தியசாலையில் தனியே நிற்கும் இளம் மருத்துவ அதிகாரிக்கு அப்போது தேவைப்படுவது மூன்று நான்கு விவரங்கள். இது எந்தப் பாம்பு, எதை ஏற்றக் கூடாது, எத்தனை மணிக்கொருமுறை எதைச் சோதிக்க வேண்டும், எந்த அறிகுறி கண்டால் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். இந்த விவரங்கள் எல்லாம் இலங்கையிலேயே இருக்கின்றன. இலங்கை மருத்துவச் சங்கத்தின் பாம்புக்கடி நிபுணர் குழு வழிகாட்டியே எழுதி வைத்திருக்கிறது. சரி, அந்த வழிகாட்டியின் புதிய பதிப்பு வந்ததும் அதை எடுத்து, அச்சடித்து, பாம்புப் படங்களோடு அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டிவைப்பது யாருடைய வேலை? பெரும்பாலான இடங்களில் அது யாருடைய வேலையுமில்லை. ஆர்வமுள்ள ஒரு டொக்டர் இருந்தால் நடக்கும். அவருக்கு இடமாற்றம் வந்தால் அதோடு சரி.

இந்த வேலையை ஒருவருடைய பொறுப்பாக ஆக்குவதைத்தான் உலகத்தில் ஆஸ்பத்திரி நூலக, தகவல் சேவை என்கிறார்கள். நூலகம் என்றதும் நமக்கு அலுமாரிதான் ஞாபகத்துக்கு வரும். அலுமாரி அதில் மிகச் சின்னப் பகுதி. சிகிச்சை செய்கிறவருக்கு வேண்டிய விவரத்தைத் தேடி, சரிபார்த்து, சுருக்கிக் கையில் கொடுப்பது ஒரு வேலை. நோயாளிக்கு அவர் வாசிக்கக்கூடிய மொழியில் அவருடைய நோயை விளக்கித் தருவது இன்னொரு வேலை. ஆஸ்பத்திரியிலேயே உண்டாகும் பதிவேடுகளை, தேடினால் அகப்படும்படி வைத்திருப்பது மூன்றாவது. மலையகத்தில் இந்த மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்தால், கட்டடத்தையும் இயந்திரத்தையும் பற்றி நாம் போடும் சண்டையில் பாதியை இதற்கும் போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நூலகர் வாட்டுக்குள் வந்த கதை

1971இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் கெர்ட்ரூட் லாம் என்ற நூலகர் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினார். காலையில் டொக்டர்கள் வாட்டைச் சுற்றி வரும்போது நூலகரும் கூடவே போக வேண்டும். கட்டிலருகே எழும் கேள்விகளைக் குறித்துக்கொள்வது, நூலகத்துக்குப் போய்த் தேடுவது, கிடைத்த விடையை அதே டொக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. டொக்டர் நூலகத்துக்கு வருவார் என்று காத்திருக்காமல் நூலகம் டொக்டரைத் தேடிப் போனது. 'கிளினிக்கல் லைப்ரேரியன்' என்ற பதவி அப்படித்தான் பிறந்தது.

இதனால் நோயாளிக்கு என்ன பலன் என்று கேட்டால், 1992இல் வெளிவந்த ரொச்செஸ்டர் ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள். நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் வட்டாரத்தில் 15 ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த 208 டொக்டர்களிடம், உங்கள் நோயாளி ஒருவரைப் பற்றி நூலகத்திடம் ஏதாவது கேளுங்கள், கிடைத்த விடையால் என்ன மாறியது என்று சொல்லுங்கள் என்றார்கள். சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றினோம் அல்லது மாற்றியிருப்போம் என்றவர்கள் 80 சதவீதம். மருந்துத் தெரிவை மாற்றியவர்கள் 45 சதவீதம். நோயாளிக்குச் சொன்ன ஆலோசனையை மாற்றியவர்கள் 72 சதவீதம். டொக்டர்கள் தாங்களே சொன்ன கணக்கு இது. அதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். பாதியாக வெட்டினாலும் சின்ன எண்ணிக்கை இல்லை.

தேடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. 2001இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஒரு பரிசோதனைக்கு ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சோடு இழுக்க வைத்தார்கள். முன்வந்து பங்குபற்றிய, நல்ல உடல்நலத்தோடிருந்த 24 வயதுப் பெண் நுரையீரல் பழுதாகி இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950களிலேயே கட்டுரைகள் வந்திருந்தன. ஆராய்ச்சியாளர் தேடியது மருத்துவக் கட்டுரைகளைத் தேடித்தரும் பப்மெட் இணையத்தளத்தில்; அப்போது அதன் பதிவுகள் பெரும்பாலும் 1966க்குப் பிந்தியவை. அனுபவமுள்ள நூலகர் ஒருவரிடம் கேட்டிருந்தால் பழைய அச்சுச் சுட்டிகளைப் புரட்டச் சொல்லியிருப்பார். உலகத்தின் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்றிலேயே இப்படி.

பேராதனைக்கு மேலே

இலங்கையில் மருத்துவ நூலகம் புதிய விஷயமல்ல. கொழும்புக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் 1962இல் பேராதனையில்தான் தொடங்கியது. அதற்கென்று நல்ல நூலகமும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்காசியாவுக்காக ஆரம்பித்த ஹெல்லிஸ் என்ற சுகாதார நூலக வலையமைப்பில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. ஒரு நூலகத்தில் இல்லாத கட்டுரையை இன்னொன்றிலிருந்து வரவழைத்துக் கொடுப்பது இந்த வலையமைப்புகளின் அன்றாட வேலை. 2002 முதல் ஹினாரி திட்டம் இருக்கிறது. பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெருந்தொகை கட்டி வாங்கும் மருத்துவ சஞ்சிகைகளை இலங்கை போன்ற நாடுகளின் நிறுவனங்கள் இலவசமாகவோ சிறு தொகைக்கோ வாசிக்கலாம். நம் நாட்டுச் சஞ்சிகைகளைப் பொறுத்தவரை, இலங்கைச் சஞ்சிகைகள் இணையத்தளத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

ஆக, தண்ணீர் பேராதனை வரை வந்துவிட்டது. அங்கிருந்து மேலே ஏறுவதுதான் பிரச்சினை.

ஹினாரிக்கு ஒரு நிறுவனம் பதிவுசெய்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அந்த நிறுவனத்துக்குத்தான் கிடைக்கும். வழக்கமாக அதை வைத்திருப்பவர் நூலகர். நூலகரே இல்லாத ஆதார வைத்தியசாலையில் யார் பதிவுசெய்வது? அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளில் 'லைப்ரேரி' என்று காட்டப்படும் அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடி அலுமாரி ஒன்று, பூட்டியிருக்கும். உள்ளே யாரோ ஓய்வு பெற்றுப் போகும்போது அன்பளிப்பாகக் கொடுத்த தடித்த புத்தகங்கள், இரண்டு மூன்று பதிப்புப் பழையவை. மேசையில் மருந்துக் கம்பனிகள் கொடுத்த நாட்காட்டியும் பேனாத் தாங்கியும். நடுவில் புரொஜெக்டர், ஏனென்றால் அந்த அறைதான் கூட்ட மண்டபமும். சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

மருத்துவப் புத்தகத்தில் பழசு என்பது வெறும் பழசு இல்லை. கூன்மூக்கு விரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரிய ஆபத்தில்லாத பாம்பு என்றுதான் ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். அலுமாரியில் இருப்பது அந்தக் காலத்துப் புத்தகமாக இருந்தால், அது இல்லாமலிருப்பதே மேல்.

விஷம் என்று வரும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேயிலை மலைகளில் களைகொல்லி நெடுங்காலமாகப் புழங்குவது. தடைசெய்யப்படும் வரை பரகுவட்டும் அதில் ஒன்று. மூச்சு முட்டும் நோயாளிக்கு ஒட்சிசன் வைப்பது யாருக்கும் கை தானாகச் செய்யும் காரியம். பரகுவட் உடம்புக்குள் போனவருக்கு ஆரம்பத்திலேயே தாராளமாக ஒட்சிசன் கொடுத்தால் நுரையீரலின் சேதம் கூடும். இப்படி, வழக்கமான புத்திக்கு எதிராக நிற்கும் விவரங்கள்தான் தேவையான நேரத்தில் கைக்குக் கிடைக்க வேண்டியவை. இதற்காகவே கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இயங்குகிறது. போத்தலில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று போனில் சொன்னால், என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொல்வார்கள். கேள்வி வருகிறது, படித்தவர் ஒருவர் தேடுகிறார், பதில் போகிறது. அலுமாரியும் இல்லை, வாசிப்பு மண்டபமும் இல்லை. ஆனாலும் முழுமையான ஒரு நூலக சேவை. மலையக ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

மருந்துத் தகவலிலும் இந்த நாட்டுக்கு நல்ல முன்னோடி இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலே, பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். மருந்துகளை வர்த்தகப் பெயரில் வாங்காமல் மூலப்பெயரில், தேவையானதை மட்டும் வாங்குவது என்ற அவருடைய கொள்கையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதன் மறுபாதி பேசப்படுவதில்லை. மருந்துக் கம்பனி விற்பனைப் பிரதிநிதி பையோடு வந்து சொல்வதுதான் டொக்டருக்குக் கிடைக்கும் ஒரே தகவல் என்றிருந்தால் எந்தக் கொள்கையும் நிற்காது. பக்கம் சாராத மருந்துத் தகவலை டொக்டர்களுக்குத் தொடர்ந்து அனுப்ப வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். அந்தப் பாதி எவ்வளவு முக்கியம் என்பது 2022 நெருக்கடியில் தெரிந்தது. மருந்துத் தட்டுப்பாட்டால் மார்ச் மாதக் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. வழக்கமான மருந்து இல்லையென்றால் எதைக் கொடுக்கலாம், என்ன அளவில், எதோடு சேர்க்கக் கூடாது என்ற கேள்விகள் ஒவ்வொரு வாட்டிலும் தினமும் எழுந்த காலம் அது. சின்ன ஆஸ்பத்திரிகளில் அந்தக் கேள்விகளுக்கு அவரவர் படித்த பட்ச் வாட்ஸப் குழுவே நூலகமாக இருந்தது.

கிளினிக் கொப்பி

நோயாளியின் பக்கத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் பெரிய பகுதி.

கிளினிக் நாளில் ஓபிடி வாசலில் நிற்கும் எந்த அம்மாவின் பையிலும் ஒரு கொப்பி இருக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிதான், மழையில் நனையாமல் பொலித்தீன் உறை போட்டது. அட்டையில் பெயர், கிளினிக் இலக்கம், தோட்டத்தின் பெயர். உள்ளே ஒவ்வொரு திகதிக்கும் கீழே நாலு வரி, ஆங்கிலத்தில், வேகமாகக் கிறுக்கிய சுருக்கெழுத்துகள். பிரஷர் இவ்வளவு, சீனி இவ்வளவு, மருந்துகளின் பெயர், அளவு, அடுத்த திகதி. பக்கங்களுக்கிடையில் இரத்தச் சோதனைத் துண்டுகள், முந்தியொரு தடவை வாட்டில் தங்கியதற்கான டயக்னோசிஸ் கார்ட், மடித்து மடித்துக் கிழியும் நிலையில். அந்த நோயாளியின் முழு மருத்துவ வரலாறும் அதுதான். அதைப் பத்திரமாகச் சுமப்பவர் அவர். அதில் ஒரு வரியைக்கூட வாசிக்க முடியாதவரும் அவர்தான்.

பாமசி ஜன்னலில் காகித உறைகளில் மாத்திரை வரும். காலை, இரவு என்று மருந்தாளர் வாயால் சொல்வார், பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. சிங்களம் பேச, கேட்கத் தெரிந்தவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். ஆனால் கடைத்தெருவில் பழகிய சிங்களம் எழுத்தில் வரும்போது உதவாது. வீட்டுக்கு வந்ததும் வெள்ளை, மஞ்சள், சின்னது, பெரியது என்று அடையாளம் வைத்துத்தான் விழுங்குகிறார்கள். அடுத்த மாதம் வேறொரு கம்பனியின் மருந்து வந்து நிறம் மாறினால், இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்களும் உண்டு, இது நமக்குரியதில்லை என்று ஒதுக்கி வைக்கிறவர்களும் உண்டு.

இரும்புச்சத்து மாத்திரையைப் பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் இரும்பு, ஃபோலிக் அமிலம், விட்டமின் சி, கல்சியம் எல்லாம் இலவசமாகக் கொடுக்கிறது. தேயிலையில் இருக்கும் சில பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது; கல்சியமும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். ஆகவே இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது, கல்சியத்தையும் அதையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. லயத்தில் விடியற்காலை நாலரைக்கு எழும்பி, ரொட்டியும் பிளேன்டீயுமாக அவசரமாகச் சாப்பிட்டு, 'மறந்துபோகும், இப்பவே போட்டுடுவோம்' என்று எல்லா மாத்திரையையும் பிளேன்டீயோடு விழுங்கிவிட்டுக் கொழுந்துக்கு ஓடும் பெண்ணுக்கு இந்த விவரம் சரியாகப் போய்ச் சேரவில்லையென்றால், அரசாங்கம் கொடுத்த இரும்பில் பெரும்பகுதி வீண். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம் என்றும், தோட்டப்புறத்தில் 32 சதவீதம் என்றும் சொன்னது. இதற்கு வறுமை, சம்பளம், லய வாழ்க்கை எனக் காரணங்கள் பல. தகவலால் மட்டும் அது தீராது. ஆனால் கையில் கிடைத்த மாத்திரை உடம்பில் சேருவதற்குத் தகவல்தான் வேண்டும்.

குடும்ப சுகாதார உத்தியோகத்தர்கள், நம் பேச்சில் மிட்வைஃப் மிஸ், இதையெல்லாம் சொல்கிறார்கள்தான். தமிழ் தெரிந்த மிட்வைஃப் கிடைத்த தோட்டத்துக்கும் கிடைக்காத தோட்டத்துக்கும் வித்தியாசம் தாய்மாரிடம் பேசினாலே தெரியும். பிள்ளை பிறந்ததும் கொடுக்கும் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு தமிழிலும் அச்சாகிறது. அது நல்ல முன்மாதிரி. தடுப்பூசித் திகதிகளைப் பாட்டிமார்கூட அதில் விரல் வைத்துக் காட்டுவார்கள். பிள்ளைக்குக் கிடைத்தது பாட்டியின் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் ஏன் கிடைக்கவில்லை?

சட்டத்தில் குறை இல்லை. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச நிறுவனங்களிடமிருந்து தகவல் பெறும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்தது. டயக்னோசிஸ் கார்டை அந்தக் கண்ணால் நாம் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

முன்பு இந்த இடைவெளியை ஒருவர் ஓரளவு அடைத்துக்கொண்டிருந்தார். 1912இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் அதற்கு முந்தியவையும் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்குத் தோட்டத்தையும் பொறுப்பாக்கின. தோட்டத்து டிஸ்பென்சரியில் எஸ்டேட் மெடிக்கல் அசிஸ்டன்ட் ஒருவர் இருப்பார். சனங்களுக்கு அவர் டொக்டர் ஐயா. முழு டொக்டர் இல்லை. கம்பனியின் ஆள், லீவு துண்டு கொடுப்பதா இல்லையா என்பதில் துரையின் பக்கம் சாய்ந்தவர் என்ற பெயரும் பலருக்கு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பெரும்பாலும் அவர் ஆங்கிலம் வாசிப்பார், தமிழில் பேசுவார். கண்டி ஆஸ்பத்திரியிலிருந்தோ பதுளை ஆஸ்பத்திரியிலிருந்தோ டிக்கட் வெட்டி, அதாவது வாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டு, வந்தவர் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டலாம். 'இதில இப்படிப் போட்டிருக்கு, உப்பைக் குறை, அடுத்த மாசம் மறக்காம போ' என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது நியாயமான மாற்றம்; மற்றக் குடிமக்களுக்குள்ள அதே சேவை நமக்கும் வேண்டும் என்று கேட்டுத்தான் அது வந்தது. அந்த மாற்றத்தில் டிஸ்பென்சரிகள் பல மூடப்பட்டபோது, காகிதத்தை வாசித்துச் சொன்னவரும் போய்விட்டார். அவருடைய அந்த வேலையை யாருக்கும் ஒப்படைக்கவில்லை.

அந்த வெற்றிடத்தில் இப்போது இருப்பது யூடியூப். அன்னமுன்னா இலைக் கஷாயத்தில் புற்றுநோய் கரையும், இன்சுலின் ஊசியை நிறுத்த ஏழு நாள் போதும் என்றெல்லாம் நல்ல தமிழில், தெளிவான குரலில் சொல்கிறார்கள். நல்ல தமிழில் பேசுவதுதான் ஆபத்தே. சரியான தகவல் ஆங்கிலத்தில் கிறுக்கலாகவும், பிழையான தகவல் வீட்டு மொழியில் அழகாகவும் வந்தால் எது ஜெயிக்கும்? இது படிப்பறிவு குறைந்தவர்களின் கோளாறு என்று நினைத்தால் 2020 டிசம்பரை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். கொரோனாவுக்கு என்று ஒருவர் காய்ச்சிய பாணி மருந்துக்காகக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் வந்து வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் எல்லாப் படிப்பும் இருந்தது.

பதிவறை

மூன்றாவது பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் சிகிச்சை விவரங்களை எழுதிவைக்கும் பெட் ஹெட் டிக்கட் உண்டு. நோயாளி வீட்டுக்குப் போனதும் அது பதிவறைக்குப் போகும். நோய்க்குரிய சர்வதேசக் குறியீடு போட்டுச் சுகாதார அமைச்சுக்குப் புள்ளிவிவரமாக அனுப்புவார்கள். இந்த அனுப்பும் வேலை இப்போது பெரிய அளவில் கணினிக்கு மாறிவிட்டது. மேலே போகும் பாதை திருத்தமாகத்தான் இருக்கிறது. கீழே திரும்பி வருவது குறைவு: இந்த ஆஸ்பத்திரிக்குப் போன வருடம் எத்தனை பாம்புக்கடி, எந்தத் தோட்டங்களிலிருந்து, எந்த மாதத்தில் என்று அதே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு கேட்டால் உடனே சொல்ல ஆள் வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் தனிப்பட்ட தொல்லை ஒன்றும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, கிளினிக் கொப்பியில் மூன்றாவது. தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் காதால் கேட்டு எழுதுவதால் வருவது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் ஐந்து பேர் இருப்பதும் சாதாரணம். ஆளுக்கொரு சுகாதார இலக்கம் கொடுக்கும் திட்டத்தால் மற்ற எவரையும்விட அதிகம் பயனடையக்கூடியவர்கள் மலையகத் தமிழர்கள்தான்.

ஒரு பதவி

இதையெல்லாம் சொன்னால் வழக்கமாக வரும் பதில், 'இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கே, நூலகர் எதுக்கு?' என்பது. போன் இருக்கிறது. ஹற்றனைத் தாண்டினால் சிக்னல் எங்கே வரும் எங்கே போகும் என்பது வேறு கதை. ஆனால் போன் வந்ததால் தேடும் வேலை குறையவில்லை. ஒரு சொல்லைத் தட்டினால் பப்மெட் ஆயிரக்கணக்கில் கட்டுரைகளைக் கொண்டுவந்து கொட்டும். எது இந்த நோயாளிக்குப் பொருந்தும், எது எலியில் செய்தது, எதை மருந்துக் கம்பனி தன் காசில் செய்வித்தது, எது பின்னால் திரும்பப் பெறப்பட்டது என்று பிரிக்க நேரமும் பயிற்சியும் வேண்டும். நாற்பது நோயாளிகளைப் பார்க்கும் டொக்டருக்கு இரண்டாவது இருந்தாலும் முதலாவது இல்லை.

புதிய ஆஸ்பத்திரி என்றால் நாம் கட்டிலை எண்ணுகிறோம். இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்த டிக்கோயா ஆஸ்பத்திரி 150 கட்டில் என்பது மலையகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்கேன் இருக்கிறதா, டயலிசிஸ் இருக்கிறதா என்றும் கேட்போம். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள். லைப்ரேரி இருக்கிறதா என்று நீங்களோ நானோ கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், ஒரு அறையும் அலுமாரியும் கொடுத்து நாடா வெட்டியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். ஆகவே கட்டடம் கேட்காமல் இருப்பதே நல்லது. கேட்க வேண்டியது பதவி. மாவட்டத்துக்கு ஒருவர், முதலில் நுவரெலியாவுக்கும் பதுளைக்கும். நூலகவியலோ சுகாதாரத் தகவலியலோ படித்தவர், தமிழிலும் சிங்களத்திலும் எழுதக்கூடியவர். மாவட்டத்திலுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளின் டொக்டர்களும் தாதிகளும் மருந்தாளர்களும் போனிலோ வாட்ஸப்பிலோ கேள்வி அனுப்பினால் அன்றைக்கே பதில் தர வேண்டியது அவர் கடமை. பேராதனை நூலகம் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். கண்டியிலும் பதுளையிலும் தாதியர் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நோயாளிகளுக்கான கையேடுகளை எழுதிப் பார்ப்பதைப் பயிற்சியின் ஒரு பகுதியாக்கலாம். அப்புறம், ஓய்வுபெற்ற எஸ்டேட் மெடிக்கல் அசிஸ்டன்ட்கள் இன்னும் சிலர் ஊர்களில் இருக்கிறார்கள். எந்தச் சொல்லைச் சொன்னால் சனங்களுக்குப் புரியும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

கையேடு என்றால் கொழும்பில் எழுதியதை அப்படியே தமிழாக்குவதும் போதாது. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் வையுங்கள் என்று எல்லாத் துண்டுப்பிரசுரமும் சொல்லும். லயத்தில் ஃபிரிட்ஜ் இல்லாதவர் என்ன செய்வார்? திறந்து பாவனையில் இருக்கும் பல வகை இன்சுலின்களை வெயில் படாமல் 25 பாகைக்குக் கீழே ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே வைத்திருக்கலாம். நுவரெலியாவின் குளிருக்கு அது பிரச்சினையே இல்லை. அங்கே பயப்பட வேண்டியது வேறு: அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்துவிடுவது, உறைந்துவிடும்படி கடை ஐஸ் பெட்டியில் கொடுத்து வைப்பது. உறைந்த இன்சுலின் வேலைக்கு உதவாது. திறக்காத குப்பிகளுக்குத்தான் 2 முதல் 8 பாகை வரையான குளிர் வேண்டும். அதைக் கிளினிக்கிலேயே வைத்து ஒவ்வொன்றாகக் கொடுக்க முடியுமா என்று மருந்தாளரோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தப் பேச்சையும் தொடங்க வேண்டியவர் அதே நூலகர்தான்.